ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டையும் அதன் அடிவாரச் சந்தையும்

1459இல் ராவ் ஜோதா தொடங்கிய கோட்டை. பார்க்க வேண்டியதுதான், ஆனால் ஏறும் வழியைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். ஆட்டோ ‘ஜெய் போல்’ வரை வரும் (இங்கே ‘போல்’ என்றால் கோட்டை வாசல்). பழைய நகரின் நவ்சௌகியா பக்கமிருந்து நடந்தால் ஃபதே போல் வழி; கல் பாவிய செங்குத்தான சரிவு, வழவழப்பான செருப்பு வழுக்கும். முட்டிவலிக்காரர்களுக்கு லிஃப்ட் உண்டு, கட்டணம் தனி. காலை 9 மணிக்குத் திறந்ததும் போய்விட்டால் வெயிலும் கூட்டமும் குறைவு.

லோஹா போலில் பாதை சட்டென்று திரும்பும். யானை ஓடிவந்து முட்ட இடம் கிடைக்கக் கூடாதென்ற கணக்கு. கதவில் இரும்பு முட்கள் வேறு. அதை வேகமாகக் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம். உள்ளே அம்பாரி, பல்லக்குகள், பூல் மகாலின் பொன்வேலை எல்லாம் அருமை. குறுகிய அறைகளில் நெரிசல்தான் தொல்லை.

கீழே சர்தார் மார்க்கெட். பாந்தேஜ் துணியின் பின்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்: முடிச்சுப் போட்டுச் சாயமேற்றியதில் புள்ளிகள் சற்று ஒழுங்கற்று, இருபுறமும் தெரியும். அச்சடித்ததில் பின்பக்கம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். மோஜடி என்ற தோல் காலணி போடப்போட இளகும், தளர்வாக வாங்காதீர்கள். சுற்றுலாப் பயணிகளுக்கென்று கட்டிவைத்த மசாலாப் பொட்டலங்களைவிட மத்தானியா மிளகாயை உதிரியாக எடைபோட்டு வாங்குவது மேல். பசித்தால் சூடாக மிர்ச்சி வடா. உள்ளே உருளைக்கிழங்கு, காரம் கொஞ்சம் தூக்கல்.