கடலோர ஆர்.வி. பார்க்கில் ஒரு ஷேர்: ஆறு வருடம் கழித்து

போன வாரம் எங்கள் டிரெய்லரின், அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன வீட்டின், கூரை மேல் இருந்த ஏ.சி.யைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினோம். கூலியோடு 1,900 டாலர். பழையதைக் கீழே இறக்கி வைத்தபோது, பின்பக்கம் வரிசையாக இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகளை விரலால் தொட்டுப் பார்த்தேன். விபூதி மாதிரி உதிர்ந்து கையில் ஒட்டிக்கொண்டது. மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. அந்த ஏ.சி. ஓடிய நாட்களை எண்ணினால் நாற்பதைத் தாண்டாது. டிரெய்லர் நிற்பது கடலோர ஆர்.வி. பார்க்கில், அதாவது இப்படிப்பட்ட வண்டி வீடுகளை நிறுத்தித் தங்கும் இடத்தில். அங்கே ஏ.சி. போட வேண்டிய அவசியமே அபூர்வம். சும்மா இருந்தே அழிந்துபோனது.

அன்று ராத்திரியே சாக்ரமெண்டோவில் இருக்கும் நண்பரிடமிருந்து செய்தி. "அண்ணா, நீங்க வச்சிருக்கிற மாதிரியே ஒரு பார்க்ல ஷேர் விலைக்கு வருது. முன்ன சொன்னதுக்கு இப்ப நல்லாவே குறைச்சிருக்காங்க. வாங்கலாமா?" போனில் அரை மணி நேரம் பேசினேன். பாதி நேரம் ஏ.சி. கோபத்திலேயே போய்விட்டது. அது அவருக்கு நியாயமான பதில் ஆகாது என்று பட்டதால், ஆறு வருட அனுபவத்தை முழுசாக எழுதுகிறேன்.

எங்கள் பார்க் கலிபோர்னியாவின் சென்ட்ரல் கோஸ்ட்டில், சான் லூயிஸ் ஒபிஸ்போவைத் தாண்டித் தெற்கே இருக்கிறது. பெயர் இங்கே வேண்டாம். ஷேர் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள, அதே கரையில் எல்லாருக்கும் தெரிந்த பிஸ்மோ கோஸ்ட் வில்லேஜை எடுத்துக்கொள்ளலாம். 1975இல் தொடங்கிய கம்பெனி. மொத்தம் 1,800 ஷேர், 400 சைட், அதாவது வண்டியை நிறுத்தித் தங்கும் இடங்கள். ஒரு ஷேருக்கு வருடத்தில் 45 நாள் வாடகையில்லாமல் தங்கலாம், அதிலும் சீசன் நாட்கள் 30க்கு மேல் கிடையாது. கம்பெனியின் ஆண்டு அறிக்கை அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்.இ.சி.யில் பதிவாகிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். எங்களுடையதும் ஏறக்குறைய இதே அமைப்புதான், சிறியது.

அந்த எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லா ஷேர்காரர்களும் தங்கள் 45 நாளையும் பயன்படுத்தினால் 81,000 இரவு ஆகிறது. பார்க்கில் ஒரு வருடத்துக்கு இருப்பது 1,46,000 இரவு. பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் போகிறது. மீதியை வெளியாருக்கு வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தில் பார்க் ஓடுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4ஐ ஒட்டிய வார இறுதிக்கு இருப்பது 400 சைட்தான். ஒரு சைட்டுக்கு நாலரை ஷேர். உள்நாட்டுப் பள்ளத்தாக்கு ஊர்களான ஃபிரெஸ்னோவிலும் பேக்கர்ஸ்ஃபீல்டிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது அந்தப் பள்ளத்தாக்கே கடலைப் பார்த்து வரும். "பங்குதாரர்தானே, நினைத்தபோது போகலாம்" என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். பள்ளிக்கூட விடுமுறையை மட்டும் நம்பி வாழும் குடும்பத்துக்கு இது முதல் அடி.

இன்னொன்றையும் நண்பரிடம் அழுத்திச் சொன்னேன். நீங்கள் வாங்குவது நிலம் இல்லை. ஒரு கம்பெனியின் பங்கு. "என் சைட்" என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு முறையும் வேறு சைட், வேறு அண்டை வீடு. வீட்டுக்கடன் மாதிரி எந்த பேங்கும் இதற்குக் கடன் தராது. விற்க நினைத்தால் வாங்குபவர் வரும்வரை காத்திருக்க வேண்டும், அதுவரை வருடச் சந்தாவும் கட்ட வேண்டும்.

சரி, இவ்வளவு தெரிந்தும் நாங்கள் ஏன் ஆறு வருடமாக வைத்திருக்கிறோம்?

பார்க்குக்கு ஒரு ஸ்டோரேஜ் யார்டு உண்டு. எங்கள் டிரெய்லர் வருடம் முழுவதும் அங்கேயே நிற்கும். புக்கிங் நாளன்று அவர்களே இழுத்து வந்து சைட்டில் நிறுத்தி, மட்டம் பார்த்து வைத்துவிடுவார்கள். இதன் அருமை டிரெய்லர் இழுத்தவர்களுக்குத்தான் தெரியும். சான் ஹோசேயிலிருந்து 101 நெடுஞ்சாலையில் வெறும் காரில் வந்தால் மூன்றரை மணி நேரம். டிரெய்லர் இழுத்தால் கலிபோர்னியாவில் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக் கூடாது. பெட்ரோல் தண்ணீராக ஓடும். கடைசியில் சான் லூயிஸ் ஒபிஸ்போவுக்கு முன்னால் குவெஸ்டா கிரேடு என்ற மலைச்சாலை இறக்கம். முதல் வருடம் அந்த இறக்கத்தில் பின்னால் மூன்று டன் எடை தள்ள, பிரேக் வாசனையோடு நான் இறங்கியதும், பக்கத்தில் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்ததும் இன்னும் மறக்கவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சாதாரணக் காரில் கிளம்புகிறோம். ஒன்பது மணிக்குப் போய்ச் சேரும்போது எங்கள் டிரெய்லர் அங்கே நிற்கிறது. உள்ளே எங்கள் குக்கர், எங்கள் தோசைக்கல், போன முறை மிச்சம் வைத்த சாம்பார் பொடி. தண்ணீரையும் கரண்ட்டையும் இணைத்தால் பத்து நிமிடத்தில் டீ. சின்னவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவளுடைய மேல் படுக்கைக்கு ஏறிவிடுவாள். அடுத்த சத்தம் அலைச் சத்தம்தான். எந்த ஹோட்டலிலும் எனக்கு இந்த நிம்மதி கிடைத்ததில்லை. அரசு கேம்ப் மைதானங்களிலும் இடம் பிடித்துப் பார்த்திருக்கிறோம். ஆறு மாதம் முன்னால், காலை 8 மணிக்கு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் கிடைத்தால் கிடைக்கும். அழகான இடங்கள். ஆனால் டிரெய்லரை நாம்தான் இழுத்துப் போக வேண்டும்.

ஆக, ஷேரின் உயிரே அந்த யார்டுதான். எங்கள் டிரெய்லரைத் தின்பதும் அந்த யார்டுதான். இதில் பார்க்கைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கடல் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாம் வருடம் கதவுப் பூட்டு இறுகியது. மூன்றாம் வருடம் டிரெய்லரைத் தாங்கி நிறுத்தும் ஜாக்கின் மரை துருப்பிடித்துச் சுற்றவே மாட்டேன் என்றது. நாலாம் வருடம் விளக்குக்கும் பிரேக்குக்கும் கரண்ட் போகும் ஏழு முனை பிளக்கில் களிம்பேறி, உள்ளே எல்லாம் பச்சை. பின் விளக்கு எரியாமல் இழுத்து வந்த ஆளே கூப்பிட்டுச் சொன்னார். இப்போது ஏ.சி.

வேதாரண்யத்திலிருந்து அம்மா வந்திருந்தபோது ஒருநாள் படியில் உட்கார்ந்தபடி ஜன்னல் ஓரத்து ஸ்க்ரூக்களைத் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் அலுமினியத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொங்கியிருந்தது. "இது நம்ம ஊரு வியாதில்லப்பா? உப்புக்காத்துக்கு இரும்பு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா? நல்ல தண்ணிய ஊத்திக் கழுவி எண்ணெயப் போட்டு வை" என்றார். உப்பளம் பார்த்து வளர்ந்தவர். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகள் அடியில் இளைத்து இளைத்து ஊசியாகிப் போனதைப் பார்த்தே நானும் வளர்ந்தேன். அம்மா சொன்னதை அன்றே செய்திருந்தால் ஏ.சி. இன்னும் சில வருடம் தாங்கியிருக்கும்.

அலை உடையும்போது தெறிக்கும் துளிகள் காற்றில் ஏறி உள்ளே வருகின்றன. நீர் ஆவியானதும் உப்பு படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். அந்தக் கரையில் மே, ஜூன் மாதங்களில் காலைதோறும் மூடுபனி. டிரெய்லர் காய்வதே இல்லை. ஏ.சி.யின் பின்பக்கம் செம்புக் குழாயைச் சுற்றி அலுமினியத் தகடு. இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து நனைந்தால் பேட்டரி மாதிரிதான், அலுமினியம் கரையும். ஸ்டீல் ஸ்க்ரூவும் அலுமினியச் சட்டமும் சேரும் இடத்திலும் இதே கதை.

ஒரு வருடம் பிடிவாதமாக டிரெய்லரை பாசோ ரோபிள்ஸ் பக்கம் உள்நாட்டு யார்டு ஒன்றுக்கு மாற்றினேன். காய்ந்த ஊர், துரு நின்றது. ஆனால் கோடை வெயிலில் கூரை ஓரத்து இடுக்கை அடைக்கும் சீலன்ட் பசை பாளம் பாளமாக வெடித்தது. அதைவிடப் பெரிய நஷ்டம், ஒவ்வொரு முறையும் நாங்களே இணைத்து, அதே குவெஸ்டா கிரேடில் இறக்க வேண்டியதாயிற்று. அந்த எட்டு மாதத்தில் இரண்டே தடவைதான் போனோம். மனைவி சொன்னாள், "ஏங்க, துருப்பிடிக்காம வச்சுக்கத்தான் இத வாங்குனோமா?" திரும்பக் கடலோர யார்டுக்கே கொண்டுவந்தோம்.

இப்போது செய்வது: கிளம்பும் நாளில் அடிப்பாகம் முழுக்க நல்ல தண்ணீர். ஸ்க்ரூ மாற்ற நேர்ந்தால் ஸ்டெயின்லெஸ், அதையும் சீலன்ட் தடவித்தான். பிளக் முனைகளில் மின்சார கிரீஸ். அடிச்சட்டத்துக்கு வருடத்தில் இரு முறை, ஆட்டு ரோமக் கொழுப்பில் செய்த லானோலின் ஸ்பிரே. சக்கர பேரிங்கை வருடம் தவறாமல் பிரித்துப் புது கிரீஸ். புது ஏ.சி.க்குப் பூச்சு போட்ட காயில், அதாவது அந்தக் குழாயும் தகடும் சேர்ந்த பாகம், கேட்டு வாங்கினேன். எவ்வளவு தாங்கும் என்று இனிமேல் பார்க்க வேண்டும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் 24 இரவு தங்கினோம். வெளியார் வாடகை இரவுக்கு 90 டாலர் என்று வைத்தால் 2,160. வருடச் சந்தா, யார்டு வாடகை, இழுத்து நிறுத்தும் கூலி எல்லாம் சேர்ந்து எங்களுக்கு 2,700 ஆனது. ஷேருக்குப் போட்ட பணம் சும்மா கிடப்பதையும், உப்புக்குக் கொடுத்த 1,900ஐயும் இதில் சேர்க்கவே இல்லை. நாற்பது இரவுக்குக் குறையாமல் தங்குபவர்களுக்கு, அதாவது ஓய்வு பெற்றவர்களுக்கும் வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கும் கணக்கு நேராகும். நண்பருக்கு இரண்டு பிள்ளைகள், இருவரும் நடுநிலைப் பள்ளியில். சாக்ரமெண்டோவிலிருந்து தூரமும் அதிகம். அதனால் என் பதில்: வாங்காதீர்கள். விலை குறைந்திருப்பது காரணமே ஆகாது, சந்தா குறையப்போவதில்லை.

எங்கள் ஷேரை விற்பீர்களா என்று கேட்டார். இல்லை. இந்த ஜனவரியில் போனபோது மூடுபனி இல்லாமல் வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. பார்க்கில் பாதி காலி. காலையில் பிஸ்மோ கடற்கரையை ஒட்டிய யூகலிப்டஸ் தோப்புக்குப் போய் மோனார்க் பட்டாம்பூச்சிகளைப் பார்த்தோம். குளிரில் இறக்கையை மூடிக்கொண்டு கொத்துக் கொத்தாகத் தொங்கும், காய்ந்த இலை என்றே தோன்றும். வெயில் பட்டதும் ஒரு கொத்து அப்படியே ஆரஞ்சாகத் திறக்கும். 2020இல் மேற்குக் கரை முழுக்க எண்ணியும் 2,000கூட இல்லாமல் போய், அடுத்த வருடமே இரண்டு லட்சத்தைத் தாண்டியவை. பெரியவன் தொலைநோக்கியைக் கையைவிட்டு இறக்கவே இல்லை. மதியம் டிரெய்லருக்கு வந்து தயிர் சாதம் சாப்பிட்டுத் தூங்கினோம்.

கடைசியாக நண்பருக்கு ஒன்று சொன்னேன். முடிவெடுக்கும் முன் எங்கள் புக்கிங்கிலேயே நாலு நாள் தங்கிப் பாருங்கள், விருந்தினரை அனுப்ப எங்கள் பார்க்கில் அனுமதி உண்டு. முடிந்தால் ஜூன் மூடுபனியில் ஒரு தடவை, ஜனவரியில் ஒரு தடவை. கிளம்பும்போது மட்டும் சக்கரத்துக்கு உள்பக்கம் வரை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். ஹோஸ் பின்பக்கப் பெட்டியில் இடது மூலையில் இருக்கிறது.