சக்கர் மீன்: சண்டை போடாது, ஆனாலும் சேராது

மூன்றடி மீன் தொட்டியில் ஏஞ்சல், பிளாக் மாலி, ஸ்வோர்டு டெயில் ஆகிய வண்ணமீன்களோடு, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் சக்கர் மீன் ஒன்றையும் விடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அதே கூட்டத்தைச் சில ஆண்டுகளாக வளர்த்து வருபவன் என்பதால், முதல் மூன்றைப் பற்றிச் சுருக்கமாகவும் நான்காவதைப் பற்றி விரிவாகவும் எழுதுகிறேன்.

சென்னையின் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் கடினத்தன்மையும் மிக்கது. மாலியும் ஸ்வோர்டு டெயிலும் அத்தகைய நீரில் செழிப்பவை. அவை ஓயாமல் ஈனும் குஞ்சுகளில் பெரும்பகுதியை ஏஞ்சல் தின்றுவிடுவதால் எண்ணிக்கையும் கட்டுக்குள் நிற்கிறது. வளர்ந்த ஏஞ்சலோடு நியான் டெட்ரா என்ற சின்னஞ்சிறு மீனை மட்டும் விட வேண்டாம். வாய்க்குள் அடங்கும் எதுவும் அதற்கு இரைதான். இவ்வளவு தெரிந்தால் போதும்.

இனி சக்கர். சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் மீன் வாங்கிய எவரும் “யாரையும் கடிக்காது சார், தொட்டியைச் சுத்தமா வச்சிக்கும்” என்ற உறுதிமொழியைக் கேட்டிருப்பார்கள். அதன் முற்பாதி உண்மையே. என் தொட்டியில் அது எந்த மீனையும் விரட்டியதில்லை. ஆனால் விரல் நீளத்தில் விற்கப்படும் இம்மீன் ஓரடிக்கு மேல் வளரும் என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை. மூன்றடித் தொட்டியின் அகலமே பொதுவாக ஓரடிதான். என்னுடையது இப்போது திரும்ப வேண்டுமானால் உடலை வில்லாக வளைத்து, வாலால் கண்ணாடியை அறைந்து, வழியிலுள்ள செடிகளை வேரோடு கிளப்பிவிட்டுத்தான் திரும்புகிறது.

சுத்தம் செய்யும் என்ற பிற்பாதி, அது குட்டியாக இருந்த காலத்துக்கு மட்டுமே பொருந்தும். அப்போது கண்ணாடியில் படிந்த பாசியை வரிவரியாகச் சுரண்டித் தின்றது. வளர்ந்தபின் பாசியைப் பொருட்படுத்தாமல், மற்ற மீன்களுக்குப் போடும் தீனி அடியில் வந்து விழுவதற்காகக் காத்திருக்கிறது. அது கழிக்கும் நூல் நூலான கழிவோ ஃபில்டரின் ஸ்பாஞ்சை அடைத்துவிடுகிறது. ஏறத்தாழ 125 லிட்டர் கொள்ளும் தொட்டியில், மற்ற மீன்கள் எல்லாம் சேர்ந்து செய்யும் அசுத்தத்தை இது ஒன்றே செய்கிறது என்று சொன்னால் மிகையாகாது. இதைவிட என்னைக் கோபப்படுத்துவது இரவில் நடப்பது: விளக்கை அணைத்தபின், அசையாமல் நிற்கும் ஏஞ்சலின் பட்டையான உடலில் ஒட்டிக்கொண்டு மேல்தோலின் வழவழப்பை உறிஞ்சுகிறது. காலையில் அந்த இடம் வட்டமாக வெளிறிக் கிடக்கிறது.

நியாயமாகச் சில சொல்ல வேண்டும். மின்தடை நீண்டு ஏர் பம்ப் நின்றுபோகும் இரவுகளில் ஏஞ்சல்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து தவிக்கும்போது, இது விருட்டென்று மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு மீண்டும் அடியில் அமர்ந்துகொள்கிறது. அதன் இரைப்பையே காற்றிலிருந்து உயிர்வளியை எடுத்துக்கொள்ளும். கண்ணை அருகிலிருந்து பாருங்கள்: வெளிச்சம் கூடும்போது கருவிழியின் மேலிருந்து ஒரு சிறு மடல் இறங்கி, கண்பாப்பாவைப் பிறை வடிவாக்கிவிடும். வெள்ளரித் துண்டைக் கவ்விக்கொண்டு இந்தக் கண்ணால் அது என்னைப் பார்க்கும்போது, திட்ட வந்த சொல் வாயிலேயே நின்றுவிடுகிறது.

ஆயினும் நண்பருக்கு என் பதில் வேண்டாம் என்பதே. பாசிதான் கவலையென்றால் பிளாக் மாலியே அதைக் கொறிக்கும்; இன்னும் வேண்டுமானால் நான்கைந்து அங்குலத்தோடு வளர்ச்சி நின்றுவிடும் பிரிஸில்நோஸ் என்ற சிறிய சக்கர் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே சக்கர் வைத்திருப்போர், தொல்லை தாளாமல் அதை ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த இவ்வினம் தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் என எல்லா இடங்களிலும் நீர்நிலைகளில் பெருகிவிட்டது. கரையைக் குடைந்து முட்டையிடுகிறது, முள்ளும் எலும்புத் தகடும் நிறைந்த உடலால் மீனவர்களின் வலைகளைக் கிழிக்கிறது.

விற்ற கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார். வேறொருவர் காசில்லாமல் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார், நான் சம்மதிக்கவில்லை. ஐந்தடித் தொட்டிக்கு விலை விசாரித்துவிட்டேன். அது சக்கருக்கு மட்டும். ஏஞ்சல்கள் பழைய தொட்டியிலேயே இருக்கட்டும்.