பழைய போனில் பெரிய அப்டேட் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

மூன்று, நான்கு வருடம் ஓடிய ஆண்ட்ராய்டு போன் உங்கள் வீட்டில் இருந்தால், அதுவும் பெரியவர்கள் கையில் இருந்தால், முதலில் அதில் சிஸ்டம் அப்டேட் தானாக ஏறுவதை நிறுத்திவிட்டு (எங்கே நிறுத்துவது என்று கடைசிப் பகுதியில் சொல்லியிருக்கிறேன்) வந்து மீதியைப் படியுங்கள். என் அப்பாவின் போன் இப்படித்தான் போனது. ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தார், காலையில் எடுத்தால் கம்பெனி லோகோ வருகிறது, அணைகிறது, மறுபடி லோகோ வருகிறது, அதைத் தாண்டி எங்கேயும் போகவில்லை. முந்தின நாள் வரைக்கும் எந்தத் தொந்தரவும் தராத போன். கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. புது ஆண்ட்ராய்டு வெர்ஷன் தயார், இரவில் நிறுவப்படும் என்று ஒரு அறிவிப்பு அதற்கு முன்பு வந்துகொண்டே இருந்தது. நடந்தது அது ஒன்றுதான்.

கம்பெனி பெயரை இங்கே எழுதவில்லை, புகார் இன்னும் முடியவில்லை. வெவ்வேறு கம்பெனி போன் வைத்திருக்கும் நண்பர்களும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறார்கள், அதனால் பெயரைவிட நடந்த விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

சர்வீஸ் சென்டரில் டோக்கன் போட்டுக் காத்திருந்து கவுன்டருக்குப் போனால், அங்கிருந்த தம்பி போனை வாங்கி பவர் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு, “போர்டு போயிருக்கும் சார், வாரண்டி முடிஞ்சிருச்சு, பதினோராயிரம் பக்கம் ஆகும்” என்றார். போர்டு என்றால் போனின் மதர்போர்டு. போனைத் திறக்கவே இல்லை. பதினேழாயிரத்துக்கு வாங்கிய போன் அது. அப்டேட்டுக்குப் பிறகுதான் இப்படி ஆனது என்று அப்பா சொன்னதற்கு, “அப்டேட்டால அப்படியெல்லாம் ஆகாதுங்க ஐயா” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, இந்தப் போனைக் கொடுத்துவிட்டு புது மாடல் எடுத்தால் தள்ளுபடி உண்டு என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். அந்தத் தம்பிமேல் இல்லை, அவருக்கு மேலே இருப்பவர்கள் என்ன சொல்லிக் கொடுத்தார்களோ அதைத்தான் அவர் சொல்கிறார். அனுப்பியது கம்பெனி, நிறுவச் சொல்லித் தினமும் தொல்லை கொடுத்தது கம்பெனி, கெட்டுப்போனால் மட்டும் வாரண்டி தேதியைக் காட்டுகிறார்கள்.

இனி சொல்வதை நன்றாகக் கவனியுங்கள். அவர்கள் கொடுத்த ஜாப் ஷீட்டில், அதாவது போனை வாங்கிக்கொண்டு தரும் சர்வீஸ் சீட்டில், ‘போன் டெட், ஆன் ஆகவில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தது. அப்டேட் பற்றி ஒரு சொல் கிடையாது. நான் அதைச் சேர்க்கச் சொன்னேன், சிஸ்டத்தில் அப்படி எழுத ஆப்ஷன் இல்லை என்றார்கள். சரி, பேனாவால் எழுதிக் கொடுங்கள் என்றேன். மேனேஜர் வந்தார், கொஞ்சம் வாக்குவாதம் ஆனது, கடைசியில் எங்கள் பிரதியில் ‘சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குப் பிறகு பிரச்சினை என்று வாடிக்கையாளர் கூறுகிறார், தண்ணீர் பட்ட அடையாளம் இல்லை’ என்று எழுதி சீல் வைத்துக் கொடுத்தார். பிற்பாடு எங்களுக்குக் கை கொடுத்தது அந்த ஒரு வரிதான். போனைக் கொடுக்கும்போதே நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சிம் தட்டுக்குள் இருக்கும் தண்ணீர் காட்டும் ஸ்டிக்கர் தெரிந்தால் அதையும் எடுங்கள். உள்ளே போய்த் திரும்பி வந்த பிறகு ‘தண்ணீர் பட்டிருக்கிறது’ என்று சொன்னால் கையில் பதில் இருக்க வேண்டும்.

அப்புறம் டேட்டா. அப்பா தன் மருத்துவ ரிப்போர்ட் எல்லாவற்றையும் படம் எடுத்து போனில்தான் வைத்திருந்தார். போர்டு மாற்றினால் அதெல்லாம் திரும்ப வருமா என்று கேட்டால் ‘டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்லை’ என்று அச்சடித்த வரியைக் காட்டுகிறார்கள். ஏன் வராது என்று யாரும் விளக்குவதில்லை. இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் உள்ளே இருக்கும் எல்லாமே பூட்டிய நிலையில்தான் சேமிக்கப்படுகிறது, அந்தப் பூட்டின் சாவி அந்தப் போர்டில் இருக்கும் சிப்போடு கட்டுண்டது. போர்டை மாற்றிவிட்டால் பழைய சேமிப்பைத் திறக்க வழியே இல்லை. அதனால் போர்டு மாற்றச் சம்மதம் கேட்டால், முதலில் டேட்டாவை அழிக்காமல் சாஃப்ட்வேரை மட்டும் திரும்ப ஏற்றிப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். சில மாடல்களில் முடியும், சிலதில் முடியாது. ஆனால் கேட்காவிட்டால் பெரும்பாலும் எடுத்தவுடன் எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட்தான்.

பணம் கட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்தோம். ஜாப் ஷீட், பில், அப்டேட் அறிவிப்பு வந்த தேதி எல்லாவற்றையும் கொடுத்தோம். அதுவரைக்கும் கூப்பிட்டால் எடுக்காத கம்பெனியிலிருந்து ஒரு அம்மா அழைத்து மிக மரியாதையாகப் பேசினார், ‘சிறப்புச் சலுகையாக’ போர்டை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றார். அப்டேட்டால்தான் ஆனது என்று எழுத்தில் தர மட்டும் கடைசி வரை மறுத்துவிட்டார்கள். போன் இப்போது ஓடுகிறது, ரிப்போர்ட்டுகள் போனது போனதுதான். பிரச்சினை தீர்ந்தது என்று உறுதி செய்யச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், டேட்டா விஷயத்துக்குப் பதில் வராமல் அதை நாங்கள் செய்வதாக இல்லை.

‘அப்டேட்டால அப்படியெல்லாம் ஆகாது’ என்று உங்களிடம் யாராவது சொன்னால் இந்த விவரங்களை எடுத்துக் காட்டுங்கள், எல்லாம் வெளிப்படையாக நடந்தவை. ஷியோமியின் மி ஏ3 போனுக்கு 2020 டிசம்பர் கடைசியில் ஆண்ட்ராய்டு 11 வந்தது, போட்ட பல பேருக்குப் போன் அப்படியே செத்துப்போனது. வாரண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இலவசமாகச் சரி செய்து தருகிறோம் என்று கம்பெனியே அறிவிக்க வேண்டி வந்தது. அதற்கு முன்பே, 2018 அக்டோபரில், இத்தாலியின் போட்டி ஆணையம் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ, ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. சாம்சங் விஷயத்தில் ஆணையம் சொன்ன காரணத்தைப் படித்தால் எங்கள் வீட்டுக் கதை மாதிரியே இருக்கும். நோட் 7-க்காகச் செய்த ஆண்ட்ராய்டு மார்ஷ்மெல்லோவை பழைய நோட் 4 வைத்திருந்தவர்கள்மேல் தள்ளினார்கள், அதனால் என்ன கோளாறு வரும் என்று சொல்லவில்லை, கோளாறு வந்தபோது வாரண்டி முடிந்தவர்களிடம் பெரிய தொகை கேட்டார்கள்.

ஆப்பிள் கதை எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்கும். 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1, பேட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தைச் சொல்லாமல் குறைத்தது. அந்த டிசம்பரில் கீக்பெஞ்ச் சோதனை செயலியை உருவாக்கிய ஜான் பூல் அளவுகளை வெளியிட்ட பிறகுதான் விஷயம் பெரிதானது, ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு பேட்டரி மாற்றும் விலையைக் குறைத்தது. எத்தனையோ பேர் பேட்டரி மாற்றினாலே போதும் என்று தெரியாமல் புதுப் போன் வாங்கியிருப்பார்கள், அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2025 ஜனவரியில் கூகுள் செய்தது இதைவிட வினோதம். பிக்சல் 4ஏ போனுக்கு வழக்கமான அப்டேட் எல்லாம் 2023-லேயே நின்றுவிட்டது, திடீரென்று ஒரு கட்டாய அப்டேட் தானாக இறங்கி, பல போன்களில் பேட்டரி கொள்ளும் சார்ஜைக் குறைத்துவிட்டது. பேட்டரியின் பாதுகாப்புக்காக என்றார்கள், இருக்கலாம், இலவசப் பேட்டரி அல்லது பணம் என்று ஈடும் அறிவித்தார்கள். ஆனால் போனின் சொந்தக்காரரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டாமா?

அப்படியானால் அப்டேட்டே வேண்டாமா என்று கேட்காதீர்கள், நான் சொல்வது அது இல்லை. ‘அப்டேட்’ என்ற ஒரே பட்டனுக்குப் பின்னால் இரண்டு வேறு சமாச்சாரங்கள் இருக்கின்றன. ஒன்று பாதுகாப்பு ஒட்டு, செக்யூரிட்டி பேட்ச் என்று வருவது. இது பொதுவாகச் சிறியது, இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஜிபே, பேங்க் ஆப் வைத்திருக்கும் போனில் ஓட்டையை மூடாமல் வைத்திருப்பது ஆபத்து. 2015-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டேஜ்ஃபிரைட் ஓட்டையில் ஒரு எம்எம்எஸ் அனுப்பியே போனுக்குள் நுழைய முடிந்தது, எதையும் தொடக்கூட வேண்டியதில்லை. இன்னொன்று ஆண்ட்ராய்டு 12 இருந்த இடத்தில் 13, 13 இருந்த இடத்தில் 14 என்று முழு வெர்ஷனும் மாறுவது. பெரும்பாலும் ஒரு ஜிபி, இரண்டு ஜிபி என்று இறங்கும். பழைய போனில் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

காரணம் புரியாத விஷயம் இல்லை. புது வெர்ஷனைப் புதுப் போன்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறார்கள், அதிக ரேம் கேட்கும். ஏறி முடித்த பிறகு ஓரிரு நாள் எல்லா செயலியையும் பின்னணியில் திரும்பத் தயார் செய்துகொண்டிருக்கும், போன் சூடாகும், தேய்ந்த பேட்டரியால் அந்த நேரத்துக்கு வேண்டிய மின்சாரத்தைக் கொடுக்க முடியாமல் திடீரென்று அணையும். உள்ளே இடம் நிரம்பி வழிந்தால் இன்னும் மோசம். சில போன்களில் பழைய வெர்ஷனின் நகல் தனியாக இருக்கும், புதியது ஏறாவிட்டால் அதற்கே திரும்பிவிடும். எல்லாப் போனிலும் அந்த வசதி கிடையாது.

முக்கியமாக, போட்ட பிறகு பிடிக்கவில்லை என்று பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது பெரும்பாலும் நடக்காது. ஆப்பிள் பழைய ஐஓஎஸ்ஸுக்குக் கொஞ்ச நாளில் அனுமதியை நிறுத்திவிடும். ஆண்ட்ராய்டிலும் பல கம்பெனிகள் கீழே இறங்க முடியாதபடி பூட்டு வைத்திருக்கின்றன. கடைத்தெருவில் ‘பழைய வெர்ஷன் போட்டுத் தரேன், ஐநூறு ரூபாய்’ என்று சொல்லும் ஆட்களிடம் கொடுக்காதீர்கள். அந்தப் பூட்டை மீறி ஏற்றினால் போன் மொத்தமாகப் போகலாம், போனைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் என்ற மென்பொருளின் பூட்டைத் திறந்து போட்டுக்கொடுத்தால் போன் ஓடும், ஆனால் பேங்க் ஆப்கள் வேலை செய்ய மறுக்கலாம்.

கம்பெனிகள் நினைத்தால் பாதுகாப்பு ஒட்டையும் புது வெர்ஷனையும் பிரித்துக் கொடுக்க முடியும். 2013-ல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு, புது வெர்ஷன் எதையும் திணிக்காமல், பழைய ஐஓஎஸ் 12-க்கே பாதுகாப்பு ஒட்டை 2023 ஜனவரியில்கூடக் கொடுத்தது ஆப்பிள். நம் ஊரில் பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய் போன் விற்கும் கம்பெனிகளும் இதைச் செய்யலாம் என்றுதான் நான் கேட்கிறேன். இப்போது பல போன்களில் வெர்ஷனை ஏற்றினால்தான் அடுத்த ஒட்டு என்று இரண்டையும் சேர்த்தே கட்டித் தருகிறார்கள்.

எங்கள் வீட்டில் இப்போது வைத்திருக்கும் முறை இது. தானாக ஏறுவது நிறுத்தம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பக்கத்தின் உள்ளே ‘ஆட்டோமேட்டிக் சிஸ்டம் அப்டேட்ஸ்’ இருக்கும், சில கம்பெனி போன்களில் சாஃப்ட்வேர் அப்டேட் பக்கத்திலேயே தனியாக ஒரு சுவிட்சும் இருக்கும், இரண்டையும் பாருங்கள். ஐபோனில் ஜெனரல், சாஃப்ட்வேர் அப்டேட் உள்ளே இருக்கிறது. பெரிய வெர்ஷன் வந்தால் அதே மாடல் வைத்திருப்பவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று சில வாரம் பார்க்கிறோம், லோகோவில் நிற்கிறது, திரையில் பச்சைக் கோடு வருகிறது, நெட்வொர்க் போகிறது என்று நாலு பேர் சொன்னாலே தொடுவதில்லை. போட்டே ஆக வேண்டும் என்றால் படங்கள், வாட்ஸ்அப், தொடர்பு எண்கள் எல்லாம் பேக்கப், முக்கியமான ஆவணங்கள் கணினியிலோ பென் டிரைவிலோ தனியாக ஒரு பிரதி, நிறைய இடம் காலி செய்து, சார்ஜ் நிரப்பி, பகலில், கண் முன்னால். ராத்திரியில் போடவே வேண்டாம்.

ஏற்கெனவே அப்டேட்டுக்குப் பிறகு போன் கெட்டு, போர்டு அல்லது டிஸ்ப்ளே மாற்ற எஸ்டிமேட் வாங்கி வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். உங்கள் மாடலுக்கு இலவச மாற்று ஏதாவது அறிவித்திருக்கிறார்களா என்று பாருங்கள், பச்சைக் கோட்டுக்கு ஒன்பிளஸ் 2024 டிசம்பரில் இந்தியாவில் வாழ்நாள் வாரண்டியே அறிவித்தது, கவுன்டரில் எல்லோரும் இதையெல்லாம் தானாகச் சொல்ல மாட்டார்கள். பிறகு 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஐஓஎஸ் 18 அப்டேட்டுக்குப் பிறகு போன் சரியாக ஓடவில்லை என்று இதே 1915-க்குப் போன புகார்களை வைத்துத்தான் 2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதனால் தொகை சின்னது என்று விடாமல் பதிவு செய்யுங்கள், ஜாப் ஷீட்டில் ‘அப்டேட்டுக்குப் பிறகு’ என்ற வார்த்தை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.