ஆர்எக்ஸ் 100 சேஸுக்கு பவுடர் கோட்டிங்கா, பெயிண்டா? கடலூர் காற்றில் எது தாங்கும்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த கையோடு தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்தபோது, ஆற்றோரம் இருக்கும் என் மாமா வீட்டுக் கொல்லையில் முழங்கால் அளவு தண்ணீர் இரண்டு நாள் வடியவில்லை. அதற்குள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது அவருடைய 1993 யமஹா ஆர்எக்ஸ் 100. தண்ணீர் வடிந்து நான் போய்ப் பார்த்தபோது ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கைப்பிடி வண்டல் வந்தது. “ஓட்டுறதா இருந்தா எடுத்துட்டுப் போ மாப்ள, இல்லைன்னா பழைய இரும்புக்குப் போட்டுடறேன்” என்றார் மாமா. அந்த வண்டியில்தான் அவர் அத்தையைப் பெண் பார்க்கப் போனார். அதைப் பழைய இரும்புக்குப் போடுவதாவது! டாடா ஏஸில் ஏற்றி மஞ்சக்குப்பத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இன்ஜினைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 98 சிசி, 11 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக், ரீட் வால்வு, மொத்தமே நாலு பொருள்தான். 1985-இல் ஜப்பானிலிருந்து பாகங்களாக வந்து எஸ்கார்ட்ஸ் தொழிற்சாலையில் பூட்டப்பட்ட வண்டி, 1996 வரை விற்றது, திருப்பாப்புலியூரில் கண்ணைக் கட்டிவிட்டாலும் அதைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டன் ரிங் மாற்றி, கிராங்க் பேரிங்கும் ஆயில் சீலும் போட்டாயிற்று. தலைவலி கொடுத்தது சேஸ்தான், அதாவது வண்டியின் இரும்புச் சட்டம். பிரித்துப் போட்ட சேஸை பவுடர் கோட்டிங்குக்கு அனுப்புவதா, வீட்டிலேயே பெயிண்ட் அடிப்பதா?

நான் பெயிண்ட் பக்கம் போனேன். ஆனால் என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம், ஏனென்றால் பவுடர் கோட்டிங் அடித்த வண்டியும் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. புதுச்சேரி முதலியார்பேட்டையில் இருக்கும் என் மச்சான் தன்னுடைய 1991 ஆர்எக்ஸுக்கு 2022-இல் பவுடர் கோட்டிங் போட்டான். இரண்டு வண்டியும் கடலிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில், இரண்டும் வெளியே போர்ட்டிகோவில். ஒப்பிட இதைவிட வாகாக எனக்கு வேறு கிடைக்கவில்லை.

பவுடர் கோட்டிங்கின் பெருமைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மின்னூட்டம் ஏற்றிய பொடியைத் தூவி, 180 முதல் 200 டிகிரி அடுப்பில் வேகவைத்தால் பொடி உருகி இரும்பின் மேல் ஒரே தோலாகப் படிந்துவிடும். கீறல் சுலபத்தில் விழாது, பெட்ரோல் சிந்தினாலும் கவலையில்லை, ஓட்டம், வழிசல், தூசி ஒட்டுவது எதுவும் கிடையாது. காலையில் கொடுத்தால் மறுநாள் மாலை வாங்கிக்கொள்ளலாம். மச்சானுக்கு சேஸ், பின்சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்ம், இரண்டு ஸ்டாண்டு, செயின் கவர் எல்லாம் சேர்த்து, மணலைப் பீய்ச்சித் துருவை எடுக்கும் சாண்ட் பிளாஸ்டிங்கோடு 5,500 ரூபாய் ஆனது. எனக்குப் பொருள் செலவு மட்டும் 4,200. அதோடு ஒன்பது நாள், வீட்டில் வாங்கிய திட்டு தனி. பளபளப்பிலும் அவன் வண்டிதான் ஜோர், அதை மறுக்க மாட்டேன். மதுரையிலோ சேலத்திலோ இருப்பவர் கேட்டால், நல்ல ஆளாகப் பார்த்து பவுடர் கோட்டிங் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள் என்றே சொல்வேன்.

ஆனால் நாம் இருப்பது கடலூர். எங்கள் வீட்டிலிருந்து சில்வர் பீச் இரண்டு கிலோமீட்டர். மொட்டை மாடியில் கட்டிய துணிக்கொடிக் கம்பி ஒரு வருடம் தாங்குவதில்லை, கேட் கீல் பொங்கலுக்குப் பொங்கல் முனகும். இங்கே எந்தப் பூச்சும் ஒருநாள் உடையத்தான் போகிறது. அதனால் உடைந்த அன்று என்ன செய்ய முடியும் என்பதை வைத்துத்தான் நான் முடிவெடுத்தேன்.

மச்சான் வண்டியில் போன புரட்டாசியில் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட் பக்கத்தில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கொப்புளம் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. விளையாட்டாக அதை நகத்தால் நெம்பினான், அப்பளம் உடைவதுபோல டொக்கென்று ஒரு துண்டு கழன்று வந்தது. அடியில் உள்ளங்கை அகலத்துக்கு துரு! ஃபுட்ரெஸ்ட் போல்ட்டை முறுக்கும்போது என்றைக்கோ ஸ்பேனர் பட்டு முனையில் ஒரு சின்ன விரிசல் விழுந்திருக்க வேண்டும். அந்த வழியாக உப்பு ஈரம் உள்ளே போய், தோலுக்கு அடியிலேயே நடந்து நடந்து பரவியிருக்கிறது. மேலே தோல் கெட்டியாக இருப்பதால் வெளியே எதுவும் தெரியவில்லை. கெட்டித்தன்மைதான் அதன் பலம், துருவை மறைத்துக் காப்பாற்றியதும் அதே கெட்டித்தன்மைதான்.

சரி, அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாமே என்றால் அங்கேதான் சிக்கல். பொடியைத் தொட்டு வைத்து ஒட்டுப்போட முடியாது. தின்னர் ஊற்றித் துடைத்தால் அது கரையாது. மேலே பெயிண்ட் தடவினால் பிடிப்பும் சுமார், நிறமும் சேராது, சட்டையில் வேறு துணியால் ஒட்டுப்போட்டதுபோல நிற்கும். ஒழுங்காகச் செய்வதென்றால் இன்ஜின் இறக்கி, ஒயரிங் கழற்றி, ஃபோர்க் எடுத்து, மொத்த சேஸையும் மறுபடி பிளாஸ்டிங்குக்கு அனுப்ப வேண்டும். துவரம்பருப்புக்காக முழுப் பந்தியும் மறுபடி சமைப்பது மாதிரி.

என் வண்டியிலும் உடைந்தது. சென்டர் ஸ்டாண்டு போடும்போது செங்கல் விளிம்பில் இடித்து, கீழ்க் குழாயில் ஒரு ரூபாய் அகலத்துக்கு பெயிண்ட் போனது. நான்கே நாளில் அங்கே மஞ்சளாகக் கசிந்து காட்டிக்கொடுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்த கையோடு உட்கார்ந்து, 400-ஆம் நம்பர் உப்புத்தாளால் விளிம்பைச் சரிவாகத் தேய்த்து, அடிப்பூச்சான எப்பாக்சி பிரைமரைப் பழைய டூத் பிரஷ்ஷால் தடவி, மறுநாள் மீதி வைத்திருந்த கறுப்பைக் குழந்தைகளின் பெயிண்டிங் பிரஷ்ஷால் இரண்டு முறை வைத்தேன். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் தெரியும்தான், ஆனால் சேஸுக்கு அடியில் யார் கிட்டத்தில் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

பெயிண்டுக்கு அடியிலும் துரு ஓடும், ஓடாது என்று சொல்லவில்லை. ஆனால் அது சீக்கிரம் வெளியே வந்துவிடும், நாமும் சீக்கிரம் கை வைத்துவிடலாம். பவுடர் கோட்டிங்குக்கு அடியில் துத்தநாகச் சத்துள்ள பிரைமர் ஒரு கோட்டு போட்டுக் கொடுக்கச் சொன்னால் நிலைமை நிறைய மாறும். மச்சான் கொடுத்த இடத்தில் அது கிடையாது. அவர்கள் நாள் முழுக்க ஜன்னல் கம்பியும் கேட்டும் அடிப்பவர்கள், பைக் சேஸ் அவர்களுக்குப் புதுசு.

புதுசு என்பதற்கு வேறு அத்தாட்சிகளும் உண்டு. ஸ்டீயரிங் திரும்ப உதவும் பேரிங்கான கோன்செட் உட்காரும் கிண்ணத்துக்குள்ளும் பொடி அடித்துக் கொடுத்துவிட்டார்கள், கோன்செட் உள்ளே இறங்கவில்லை. போல்ட் துளைகளின் மரை எல்லாம் அடைபட்டு, ஒவ்வொன்றிலும் மரை வெட்டும் கருவியை விட்டு மறுபடி மரை வெட்ட வேண்டியிருந்தது. வண்டியைப் பூட்டி முடித்த பிறகு ஹாரனும் அடிக்கவில்லை, இண்டிகேட்டரும் எரியவில்லை. மச்சான் இரண்டு நாள் ஒயரிங்கைப் புரட்டியெடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். எர்த் ஒயர் மாட்டும் இடத்தில் பொடி மூடியிருக்கிறது, மின்சாரம் எங்கே போகும்? சுரண்டியதும் ஹாரன் அலறியது. கொடுக்கும் முன்னால் நாமே உட்கார்ந்து இந்த இடங்களையெல்லாம் வெப்பம் தாங்கும் டேப்பால் மூடிக் கொடுத்திருந்தால் வராத வம்பு இது, அதனால் முழுப் பழியையும் கோட்டிங் மேல் போட மாட்டேன்.

சேஸ் நம்பர் விஷயம் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்கும்போது, நம்பரின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு முன் குத்திய எண்கள் ஏற்கெனவே ஆழம் குறைந்திருக்கும், அதில் தடிமனான பொடி உருகி இறங்கினால் 3, 8 எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். மச்சானுக்கு இந்த வருடம் புதுப்பிக்க வேண்டும். போன மாதம் உட்கார்ந்து அந்த எட்டு சென்டிமீட்டரைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தான். சுரண்டிய இடத்தில் அடுத்த துரு காத்திருக்கிறது. (2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதியில் நமக்கு ஏதாவது சலுகை உண்டா என்று கேட்பார்கள். அது ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு. 33 வயது ஆர்எக்ஸ் அந்தப் பட்டியலில் பொடியன்.) பெயிண்டில் நான் நம்பரின் மேல் மட்டும் மெல்லிய ஒரு கோட்டோடு நிறுத்திக்கொண்டேன், நகத்தை ஓட்டினால் எண் தட்டுப்படுகிறது.

இனி பெயிண்டின் குறைகள். முதலில் உடம்பு. நான் அடித்தது டூ-கே பியூ பெயிண்ட், அதாவது கெட்டிப்படுத்தும் ஹார்டனரைக் கலந்து அடிக்கும் பாலியூரிதேன் பெயிண்ட். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரைக்கும் கொண்டுபோய் விடும். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பதெல்லாம் ஆகாது. கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வாங்கினேன், குழந்தைகளை இரண்டு நாள் மாமியார் வீட்டுக்கு அனுப்பினேன். நெருக்கமான தெருவில் வீடு இருந்தால், பக்கத்து வீட்டில் வயதானவர்கள் இருந்தால், வீட்டில் அடிக்காதீர்கள், பவுடர் கோட்டிங்கே மேல்.

இரண்டாவது, பொறுமை. பிளாஸ்டிங்கைப் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் முடித்து, வெள்ளி மாதிரி மின்னிய சேஸை இரவு கொண்டுவந்து வைத்தேன். காலையில் பார்த்தால் டிகாஷன் நிறத்தில் ஒரு படலம். பிளாஸ்டிங் முடிந்த அன்றே பிரைமர் ஏறியிருக்க வேண்டும், என் தப்பு. குழிகளில் தங்கிய உப்பைக் கழுவாமல் பிரைமர் அடித்தால் எல்லாம் வீண் என்பதால் கழுவ உட்கார்ந்தேன். குழாயைத் திறந்த பிறகுதான் உறைத்தது, எங்கள் போர் தண்ணீரே உப்பு! அதில் கழுவுவதும் கடலில் முக்குவதும் ஒன்று. நாலு கேன் குடிதண்ணீர் வாங்கி ஊற்றிக் கழுவினேன், எதிர்வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டுத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். கழுவித் துடைத்து, ஹீட்டர் காற்றில் உலர்த்தி, துருவுக்கான பாஸ்பாரிக் அமிலத் திரவம் தடவி, அதையும் கழுவிக் காயவைத்துத் தேய்த்த பிறகு எப்பாக்சி பிரைமர் இரண்டு கோட்டு, அப்புறம் கறுப்பு மூன்று கோட்டு. மாசி மாதம், காலை ஒன்பது மணிக்குள் அடித்து முடித்துவிடுவேன். மதியம் கடல் காற்று திரும்பினால் ஈரமும் மணலும் சேர்ந்து வரும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே கூடாது, ஈரக்காற்றில் அடித்த பெயிண்ட் வெளுத்துப் பூத்துவிடும்.

டேங்க்குக்கு இந்த விவாதமே இல்லை. நெளிசலை எடுத்துப் பட்டி பார்த்த டேங்க்கை அடுப்பில் வைத்தால் பட்டி தாங்காது, பெட்ரோல் ஆவி மிச்சமிருந்தால் உயிருக்கே ஆபத்து. அது பெயிண்ட்தான். மட்கார்டு, ரிம் இரண்டும் குரோம், மேலே மின்னும் குரோம் வெறும் ஒப்பனை, அடியில் போடும் நிக்கல் தடிமனாக இருந்தால்தான் இந்தக் காற்றில் நிற்கும், அதைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

என் பெயிண்ட் பார்த்திருப்பது ஒரே ஒரு மழைக்காலம், அவன் கோட்டிங் நான்கு. மூன்றாவது வருடம் என் சேஸும் ஏதாவது சேட்டை செய்யலாம். இப்போதைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வண்டியைச் சாய்த்து, டார்ச் அடித்து அடிப்பக்கம் பார்க்கிறேன், சேஸ் குழாய்க்குள் பழைய இன்ஜின் ஆயில் கொஞ்சம் ஊற்றி உருட்டி வைத்திருக்கிறேன்.

மச்சான் ஆர்.சி. வேலை முடிந்ததும் வண்டியைப் பிரிக்கப்போகிறான். நேற்று போன் பண்ணி கம்ப்ரஸரையும் மாஸ்க்கையும் கேட்டான். தருகிறேன், ஆனால் கேன் தண்ணீர் உன் செலவு என்று சொல்லியிருக்கிறேன்.