ஹதாரியா, மடானியா? பினாங்கிலிருந்து ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பிறந்த இரு பிரதமர்கள் மிதவாத இஸ்லாத்தை முன்வைத்து இரு கொள்கைகளைத் தந்துள்ளனர்: அப்துல்லா அகமது படாவியின் இஸ்லாம் ஹதாரி (நாகரிக இஸ்லாம்), அன்வார் இப்ராஹிம் 2023இல் அறிவித்த மலேசியா மடானி. ஹதாரியின் பத்துக் கோட்பாடுகளில் முதலாவது இறைநம்பிக்கை. சிறுபான்மையினர், பெண்கள் உரிமை ஏழாவதாகத்தான் வருகிறது. எனினும், அவ்வுரிமையை இஸ்லாமிய அரசின் கடமையாகவே எழுதி வைத்தது சிறிய காரியமன்று. மடானியோ தலைப்பில் மதத்தின் பெயரைத் தவிர்த்து, மரியாதை, நம்பிக்கை, பரிவு உள்ளிட்ட ஆறு விழுமியங்களைப் பேசுகிறது. கேட்க இதமானவை, ஆனால் மரியாதையைக் கேட்டு யாரும் வழக்காட முடியாது.

தமிழ் முஸ்லிம்களின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கும் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்கும் சில நிமிட நடையே உள்ள பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனில், அண்டை அயலார் உறவுக்கு இவ்விரு கொள்கைகளுமே தேவைப்பட்டதில்லை (தைப்பூசத் தேர் எந்த முழக்கத்துக்காகவும் காத்திருந்ததில்லை). சிக்கல் எழுவது குடும்பத்தில், மணமுறிவில், பிள்ளைகளின் மதத்தில். சிவில் திருமணத்தில் பிறந்த பிள்ளைகளை மதம் மாற்ற, தாய் தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்று 2018இல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அது ஊன்றி நின்றது எழுத்தில் உள்ள அரசியலமைப்பின் மீது. அந்த வகையில், உரிமை என்ற சொல்லையாவது எழுத்தில் வைத்த ஹதாரியே எனக்குச் சற்று மேலானதாகப் படுகிறது.