பேட்டரி நிலையத்துக்கான அவசரகாலத் திட்டச் சேவை: ஓராண்டு அனுபவம்

மெல்பர்னுக்கு மேற்கே உள்ள ஒரு பேட்டரி மின்சேமிப்பு நிலையத்தில் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கிறேன். அவசரகால வெளியேற்றத் திட்டத்தையும் தகவல்தொடர்புத் திட்டத்தையும் எழுதித் தந்து, ஆண்டுக்கு இரண்டு ஒத்திகைகளும் நடத்தும் ஓர் ஆலோசனை நிறுவனத்தைச் சென்ற ஆண்டு அமர்த்தினோம். இதே வேலைக்கு ஆள் தேடுவோருக்காக இதை எழுதுகிறேன்.

வெளியேற்றத் திட்டத்தில் குறை சொல்ல இடமில்லை. எங்கள் பழைய திட்டத்தில் கூடுமிடம் ஒன்றுதான், அதுவும் வடக்கு வாசலை ஒட்டி. தெற்கிலிருந்து காற்று வீசினால் புகை நேராக அங்கேதான் வந்து சேரும் என்பதை நான் உட்பட யாரும் யோசித்திருக்கவில்லை. இவர்கள் முதல் நாளே காற்றுத்திசைப் பையின் அடியில் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, எதிரெதிர்த் திசைகளில் இரண்டு கூடுமிடங்களைக் குறித்தார்கள். லித்தியம் பேட்டரிப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு வாயு கலந்திருக்கக்கூடும் என்பதால் இது சிறிய திருத்தமன்று. வருகைப் பதிவேட்டைக் கையோடு எடுத்துச் சென்று தலை எண்ண வேண்டியவர் யார், அவர் விடுப்பில் இருந்தால் யார் என்பதும் தெளிவாக உள்ளது.

முதல் பக்கத்திலேயே, புகை வரும் கன்டெய்னரின் (பேட்டரிகளை அடுக்கி வைத்திருக்கும் உலோகப் பெட்டியின்) கதவைத் திறக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. 2019 ஏப்ரல் 19 அன்று அரிசோனாவின் சர்ப்ரைஸ் நகரில், மெக்மிக்கன் பேட்டரி நிலையத்தில் புகை கிளம்பி இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்த பின் தீயணைப்பு வீரர்கள் கதவைத் திறந்தபோது, உள்ளே தேங்கியிருந்த வாயு வெடித்து நால்வர் படுகாயமடைந்தார்கள். உள்ளே என்ன நிலவரம் என்பதைப் பாதுகாப்பான தொலைவில் இருந்தபடி அறிய அவர்களுக்கு வழியில்லை.

அந்த வழியை ஏற்படுத்த வேண்டிய தகவல்தொடர்புப் பகுதியில்தான் இந்தச் சேவை சறுக்கியது. எங்கள் நிலையத்தில் மாலை ஆறு மணிக்குப் பின் ஆளில்லை; கட்டுப்பாட்டு அறையோ வேறு மாநிலத்தில் இருக்கிறது. திட்டத்தில் கொடுத்திருந்த எண்ணை முதல் ஒத்திகையின்போது அழைத்தால், அலுவலக வரவேற்பறையின் பதிவுக் குரல்தான் பேசியது. எண்ணை மாற்றினார்கள். இரண்டாம் ஒத்திகையில் அழைப்பு உடனே கிடைத்தது. ஆனால் தீயணைப்புத் தலைவர் வேடத்தில் வாசலில் நின்ற நான் எந்தக் கன்டெய்னர் என்று கேட்டதற்கு, மறுமுனையில் இருந்தவர் பதினேழு என்றார். எங்கள் கன்டெய்னர்களின் மீது எழுதியிருப்பதோ பி-5 என்பது போன்ற குறியீடுகள்! திரையில் உள்ள எண்ணும் தகரத்தில் உள்ள எழுத்தும் ஒன்றா என்று சரிபார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இதில் எங்கள் பங்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பக்கத்திலேயே பாடம் இருந்தது. 2021 ஜூலை 30 அன்று, ஜீலாங் அருகே மூரபூலில் உள்ள விக்டோரியா பெரும் பேட்டரியில், சோதனை ஓட்டத்தின்போது குளிர்விக்கும் திரவம் கசிந்து மெகாபேக் எனப்படும் பெரிய பேட்டரி அலகு ஒன்று தீப்பற்றி, அடுத்ததற்கும் பரவியது. முதலில் தீப்பற்றிய அலகு சாவி கொண்டு அணைத்து வைக்கப்பட்டிருந்ததால், அதிலிருந்து தொலைக் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தகவல் போகவில்லை.

தீயணைப்பு வீரர்களுக்காக வாசலில் வைக்கும் சிவப்பு அவசரத் தகவல் பெட்டியை, விக்டோரியா கிராமப்புறத் தீயணைப்பு ஆணையத்தின் வழிகாட்டுதலின்படி இவர்கள் நேர்த்தியாகவே அமைத்தார்கள். வரைபடங்கள் மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறையிட்டவை. ஆனால் தொலைபேசி எண்ணைத் திருத்திய பிறகும் அந்தப் பெட்டியில் பழைய பட்டியலே கிடந்ததை ஆறு வாரம் கழித்துத்தான் கண்டேன்.

சொன்ன குறைகளைத் தட்டிக்கழிக்காமல் கேட்டுத் திருத்துகிறார்கள் என்பதால் அடுத்த ஆண்டுக்கும் இவர்களையே அமர்த்தியிருக்கிறோம். ஒத்திகைகளில் ஒன்றை முன்னறிவிப்பின்றி இரவு இரண்டு மணிக்கு நடத்த வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் ஒப்பந்தத்தில் புதிதாகச் சேர்த்திருக்கிறேன்.