600 கிலோ, மூன்று பாயிண்ட்: கிரிட்டுக்கு எந்தக் கணக்கைச் சொல்வது?

600 கிலோ, மூன்று பாயிண்ட், ஆக பாயிண்டுக்கு 200. மேடைக்கு மேலே கிரிட் என்ற இரும்புச் சட்டகத்திலிருந்து விளக்கு ட்ரஸ்ஸை (குழாய்களைப் பின்னிச் செய்த நீள உத்தரம்) தொங்கவிடுகிறோம், அதைப் பிடித்துத் தூக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு பாயிண்ட். மேடை வேலைக்கு வந்த புதிதில் எல்லோரும் போடும் கணக்கு இதுதான். நானும் போட்டேன். கையில் 250 கிலோ தூக்கும் செயின் மோட்டார் மூன்று இருந்தது, பாயிண்டுக்கு 50 கிலோ மிச்சம் வேறு இருக்கிறதே என்று சந்தோஷமாகக் கட்டினோம். தூக்கும்போது இரண்டு ஓரமும் ஏற, நடு மோட்டார் மட்டும் முனகிவிட்டு நின்றுவிட்டது. மோட்டார் கெட்டுப்போச்சு என்று வேறொன்றை மாட்டினோம், அதுவும் அதே இடத்தில் நின்றது. கெட்டுப்போனது என் வகுத்தல் என்று புரிய அரை நாள் ஆனது.

ஒரு பாயிண்டில் எவ்வளவு எடை விழும் என்பதைக் கண்டுபிடிக்க நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன: வகுத்துப் போடுவது, கைக்கணக்கு, மென்பொருள், லோடு செல் (பாயிண்டில் மாட்டினால் விழும் எடையைக் காட்டும் கருவி). நான்கையும் ஒரே உதாரணத்தில் ஓட்டிப் பார்ப்போம். 12 மீட்டர் ட்ரஸ். விளக்கு, கேபிள், கிளாம்ப், ட்ரஸ்ஸின் சொந்த எடை எல்லாம் சேர்த்து 600 கிலோ, நீளம் முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்கிறது. இரண்டு ஓரம், ஒரு நடு என்று 6 மீட்டர் இடைவெளியில் மூன்று பாயிண்ட்.

வகுத்துப் போடுவதில் 200, 200, 200 வரும். கைக்கணக்கில் ஓரங்களுக்கு 112.5, நடுவுக்கு 375. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம், அதுவும் தவறான பக்கம். ஏன் என்று பார்த்தால் புரியாத விஷயமில்லை. இடப்பக்கத் துண்டில் பாதி, வலப்பக்கத் துண்டில் பாதி என்று நடுப்பாயிண்ட் எப்படியும் 300 கிலோ சுமக்கிறது. ட்ரஸ்ஸை நடுவில் அறுத்துக் கீல் போட்டிருந்தால் 150, 300, 150 என்று கணக்கு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ட்ரஸ் ஒரே துண்டு. அது நடுப்பாயிண்டின் மேல் வளைந்து நிற்பதால் ஓரங்களிலிருந்து இன்னும் 75 கிலோவை நடுவுக்கே தள்ளிவிடுகிறது. பாயிண்ட் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். நான்கு பாயிண்ட் சம இடைவெளியில் போட்டால் 80, 220, 220, 80. ஐந்து போட்டால் ஏறக்குறைய 59, 171, 139, 171, 59. ஐந்தில் நடுவைவிட ஓரத்துக்கு அடுத்த இரண்டும்தான் அதிகம் சுமக்கின்றன என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. ஐந்து கயிற்றில் தொங்கும் கவுண்டர்வெயிட் பேட்டனுக்கும் (மறுமுனையில் எதிர் எடை வைத்து ஏற்றி இறக்கும் குழாய்) இதே குணம்தான்.

அப்படியானால் வகுத்தல் எங்கேயுமே உதவாதா? உதவும். இரண்டே பாயிண்ட், எடை இரு பக்கமும் ஒரே மாதிரி என்றால் பாதிப் பாதிதான். எடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் நெம்புகோல் கணக்கு போதும்: ஓரங்களில் பிடித்த 12 மீட்டர் ட்ரஸ்ஸில் இடது ஓரத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி 90 கிலோ தொங்கினால் இடதுக்கு 67.5, வலதுக்கு 22.5. இதைக் காகிதமே இல்லாமல் போடலாம்.

சரி, கைக்கணக்கு வந்துவிட்டது, 375 என்று எழுதிக் கொடுத்துவிடலாமா? எனக்கு உண்மையில் பிடித்த வழி இதுதான், ஆனாலும் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. மூன்று பாயிண்டும் மயிரிழை பிசகாமல் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் அந்த 375. செயின் மோட்டார் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் எத்தனை மி.மீ. நகரும் என்று வேலை செய்தவர்களுக்குத் தெரியும். நம் ட்ரஸ்ஸை இரண்டு ஓரத்தில் மட்டும் பிடித்தால் நடுவில் 40 மி.மீ. தொய்யும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் நடு மோட்டார் 40 மி.மீ. கீழே இருந்தால் அது சுமப்பது பூஜ்யம், ஓரத்துக்கு 300 போய்விடும். அதே மோட்டார் மட்டத்திலிருந்து 24 மி.மீ. மேலே போனால் 600 கிலோவும் அதன் தலையில், ஓரச் சங்கிலிகள் தளர்ந்து தொங்கும். இடையில் ஒவ்வொரு மி.மீ.க்கும் சுமார் 9.4 கிலோ இடம் மாறுகிறது. அந்த 24 மி.மீ. நிலையில் ட்ரஸ்ஸின் நடுவில் வரும் வளைவு விசை, ஓரங்களில் மட்டும் பிடித்தபோது வந்த அதே அளவு, திசை மட்டும் தலைகீழ். நடுவில் மூன்றாவது மோட்டார் போட்டு ட்ரஸ்ஸைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தவருக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

இன்னொன்று, ட்ரஸ் எவ்வளவு விறைப்போ அவ்வளவு மோசம். தொய்வு 40க்குப் பதில் 20 மி.மீ. என்றால் மி.மீ.க்கு 19 கிலோ மாறும். பெரிய ட்ரஸ் போட்டால் பாதுகாப்பு கூடும் என்பது ட்ரஸ்ஸுக்குப் பொருந்தும், பாயிண்டுக்குப் பொருந்தாது.

லோடு செல்லின் அருமை இங்கேதான் தெரியும். ஒருமுறை கிட்டத்தட்ட இதே அமைப்பில் மூன்று செல் மாட்டியிருந்தோம். கீழே நின்று பார்த்தால் ட்ரஸ் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. திரையில் 40, 520, 40. யாரோ நடுவில் தொய்வு தெரிகிறது என்று மோட்டாரை இரண்டு தட்டுத் தட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நடுவை மெல்ல இறக்க இறக்க எண் குறைந்துகொண்டே வந்தது, 15 மி.மீ. இறங்கியபோது 380க்குப் பக்கத்தில் நின்றது. கீழேயிருந்து பார்த்தவருக்கு ட்ரஸ்ஸில் எந்த மாற்றமும் தெரியவில்லை. கண்ணால் மட்டம் பார்ப்பவர்களை நான் நம்புவதை விட்ட நாள் அது.

ஆனால் லோடு செல்லையே சாமியாக்கிவிடவும் கூடாது. அது தொங்கவிட்ட பிறகு பேசும். தொங்கவிடலாமா என்று அதைக் கேட்க முடியாது. கிரிட் தாங்குமா என்ற கேள்விக்குப் பதில் வேலைக்கு ஒரு வாரம் முன்பே வேண்டும். அப்புறம் அதை எங்கே மாட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். மோட்டார் கொக்கிக்கும் ட்ரஸ்ஸுக்கும் நடுவில் மாட்டினால் மோட்டாரின் எடையும் சங்கிலியின் எடையும் அதன் கணக்கில் வராது, கிரிட்டின் கணக்கில் மட்டும் வரும். ட்ரஸ் ஏற்கெனவே தொங்கும்போது 'ஜீரோ' பொத்தானை அமுக்கியவரையும் பார்த்திருக்கிறேன், அன்று முழுக்க எல்லா எண்ணும் மிக அழகாக இருந்தது. மெதுவாகப் புதுப்பிக்கும் திரை மோட்டார் கிளம்பும் நொடியில் வரும் உச்சத்தைக் காட்டாமலே போகும்.

மென்பொருளைப் பற்றி நீட்ட எனக்கு மனமில்லை. எடை சீராக இல்லாதபோது, முனைகள் வெளியே நீண்டிருக்கும்போது, ட்ரஸ்கள் ஒன்றையொன்று குறுக்கிடும்போது அதைவிட்டால் வேறு வழியில்லை, மறுக்கவில்லை. ஆனால் பாயிண்டுகள் அசையவே அசையாது என்ற அனுமானத்திலேயே பெரும்பாலும் ஓட்டுகிறோம், கேபிள் எடையை உள்ளிட மறந்துவிடுகிறோம், கடைசியில் அது 374.6 என்று தசமத்தோடு காட்டும்போது அந்த .6ஐப் பார்த்து நம்பிவிடுகிறோம். ஒரே ஒரு சோதனை மட்டும் எப்போதும் செய்யுங்கள்: எல்லாப் பாயிண்டையும் கூட்டினால் மொத்த எடை வருகிறதா? வராவிட்டால் கோப்பை மூடிவிட்டு எடைப்பட்டியலை எடுங்கள்.

இந்த நான்கையும் வைத்துக்கொண்டு மண்டையை உடைப்பதற்கு முன்னால், மூன்றாவது பாயிண்ட் தேவைதானா என்று கேட்டுப் பாருங்கள் என்பதுதான் என் கட்சி. இரண்டு பாயிண்டில் மட்டம் பிசகினாலும் எடை பிசகாது. ட்ரஸ் கொஞ்சம் சாய்ந்து நிற்கும், அவ்வளவே. பாயிண்டுகளை ஓரத்தில் வைக்காமல் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக, அதாவது நம் ட்ரஸ்ஸில் ஓரத்திலிருந்து 2.5 மீட்டர் உள்ளே தள்ளினால், வளைவு விசை ஓரங்களில் பிடித்ததைவிட ஏறக்குறைய ஆறில் ஒன்றாகிவிடும். பாயிண்டுக்கு 300 கிலோ, எப்போதும் 300. இத்தனை நீளம் வெளியே நீட்டலாம் என்று அந்த ட்ரஸ் தயாரித்தவரின் அட்டவணை அனுமதிக்க வேண்டும், ஸ்லிங் (ட்ரஸ்ஸைச் சுற்றிக் கட்டும் கயிறு) ட்ரஸ்ஸின் குழாய்கள் சந்திக்கும் முடிச்சுப் புள்ளியில் விழ வேண்டும். அவை இரண்டும் சரியென்றால் நான் யோசிக்கவே மாட்டேன், இரண்டு பாயிண்ட்தான். 375 என்று எழுதிவிட்டு 520 வருமோ என்று பயப்படுவதைவிட 300 என்று எழுதிவிட்டுத் தூங்கலாம்.

கிரிட் மூன்று பாயிண்டில்தான் தாங்கும், இரண்டில் 300 தாங்காது என்று பொறியாளர் சொன்னால்? அப்போது கைக்கணக்கு, கூடவே மட்டப்பிசகுக்கு ஒரு கூட்டல், கூடவே லோடு செல். மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பதில் முழுதாகும்.

இதுவரை பேசியது ட்ரஸ் வரை. மேலே கிரிட்டுக்குப் போகும்போது எண் இன்னும் வளரும். நடுப்பாயிண்டின் 375ஐ எடுத்துக்கொள்வோம். மோட்டார் கிளம்பும்போதும் நிற்கும்போதும் வரும் உதறலுக்காக 1.25 மடங்கு என்று வைத்தால் 469. மோட்டாரும் சங்கிலியும் ஒரு 30 கிலோ. ஆக 500. வகுத்துப் போட்ட 200 எங்கே, கிரிட் உணரும் 500 எங்கே! நின்றபடி இருக்கும்போதுகூட 405. (உதறல் என்றதும் ஞாபகம் வருகிறது: விளக்கின் சேஃப்டி கேபிளை நீளமாகத் தொங்கவிடாதீர்கள். 100 மி.மீ. விழுந்து, கேபிள் அந்த எடைக்கு 5 மி.மீ.தான் நீளும் என்றால், பிடிக்கும் நொடியில் எடையைப்போல ஏழு மடங்குக்கு மேல் இழுக்கும்.)

நேராகத் தொங்கவிட இடம் கிடைக்காமல் இரண்டு காலாகப் பிரித்து பிரைடில் கட்டினால் இன்னொரு கணக்கு. அதே 405 கிலோவுக்குக் கால்களுக்கு நடுவே 90 டிகிரி என்றால் ஒரு காலில் 286, 120 டிகிரி என்றால் ஒரு காலில் முழு 405. இதை ஸ்லிங் தாங்கும், ஷேக்கிள் (இணைக்கும் இரும்பு வளையம்) தாங்கும், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. 120 டிகிரியில் ஒவ்வொரு உத்தரத்தையும் பக்கவாட்டில் இழுக்கும் 351 கிலோதான் கவலை. கிரிட் சேனல்கள் (கிரிட்டின் இரும்புச் சட்டங்கள்) கீழ்நோக்கிய எடைக்குப் போடப்பட்டவை, பக்கவாட்டு இழுப்புக்கு அவற்றின் பலவீனமான பக்கம்தான் நிற்கிறது. நேர்த்தொங்கலா பிரைடிலா என்றால், ட்ரஸ்ஸை அரை மீட்டர் தள்ளிவைத்து நேர்த்தொங்கலே கேட்டு வாங்குங்கள். ஒளி வடிவமைப்பாளர் முறைப்பார், முறைக்கட்டும்.

மோட்டாரா கவுண்டர்வெயிட்டா என்ற ஒப்பீட்டில் மறந்துபோவது ஒன்று உண்டு. கவுண்டர்வெயிட்டில் 400 கிலோ தொங்கவிட்டால் மறுமுனையில் எடைக்கட்டைகளும் 400 கிலோ. கட்டடம் சுமப்பது 800. அதோடு லாஃப்ட் பிளாக்கிலிருந்து (பேட்டனுக்கு மேலுள்ள கப்பி) ஹெட் பிளாக்குக்கு (எடைக்கட்டைகளுக்கு மேலுள்ள கப்பி) ஓடும் கயிறுகள் அந்த இரண்டையும் ஒன்றையொன்று நோக்கி 400 கிலோவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். கை வலிக்காமல் ஏறுகிறது என்பதால் எடை இல்லை என்று அர்த்தமில்லை.

பொறியாளருக்கு எண் அனுப்பும்போது எந்த எண் என்று சொல்லி அனுப்புங்கள். கம்பிக்கயிறு ஸ்லிங்குக்கு 5:1 (அறுந்துபோகும் எடையில் ஐந்தில் ஒன்றுதான் தொங்கவிடலாம்) என்பது நம் ரிக்கிங் (எடை தொங்கவிடும் வேலை) வழக்கம், உபகரணத்தில் எழுதியிருக்கும் வேலைப்பளுவுக்குள் அது ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது. கட்டடப் பொறியாளர் வேறு மாதிரி: ஐரோப்பிய விதிப்படி என்றால் நிலையான எடையை 1.35 ஆலும் மாறும் எடையை 1.5 ஆலும் அவரே பெருக்கிக்கொள்வார். நீங்கள் முன்கூட்டியே பெருக்கி அனுப்பினால் இரண்டு தடவை பெருக்கி, கிரிட் தாங்காது என்பார். பெருக்கிய எண் என்று அவர் நினைத்து நீங்கள் பெருக்காமல் விட்டிருந்தால் அது அதைவிடக் கெட்டது. 'நின்ற நிலையில் 405, உதறலோடு 500, பாதுகாப்பு மடங்கு எதுவும் சேர்க்கவில்லை' என்று ஒரு வரி எழுதினால் போதும்.

கிரிட் படிக்கட்டில் தொங்கும் பலகையில் சதுர மீட்டருக்கு 500 கிலோ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, அப்போ ஒரு பாயிண்டில் 500 போடலாம் என்று முடிவெடுத்தவர்கள் உண்டு. அது சீராகப் பரவிய எடைக்கான எண். ஒரே சேனலின் நடுவில் ஒற்றைப் புள்ளியில் எவ்வளவு, ஒரே உத்தரத்தில் எத்தனை பாயிண்ட் சேரலாம், கிரிட் முழுக்க மொத்தம் எவ்வளவு என்று மூன்று தனி எண்கள் வேண்டும். அந்தத் தாள் இல்லாத அரங்குகள் நிறைய. அங்கே நான்கு வழியில் எதில் கணக்குப் போட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்க எதிர்ப்பக்கம் எண் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் பொறியாளர் ஏறிப் பார்த்து எழுதிக் கொடுக்கும்வரை நான் தரையிலிருந்து டவர் நிறுத்தி அதன்மேல் ட்ரஸ்ஸை வைத்துவிடுவேன். இரண்டு பக்கமும் பார்வையாளர் கண்ணை மறைக்கும், அதற்கு வரும் திட்டையும் வாங்கிக்கொள்வேன்.